போர்ட் என்றால் 8255 மட்டும்தானா? (மறந்துபோன ஜப்பானிய கேம் மெஷின்கள் சொல்லித்தரும் பாடம்)



'போர்ட்' என்றதும் நம்ம ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மைக்ரோபிராசஸர் லேப், 8255 ஐ.சி., போர்ட் ஏ, போர்ட் பி, போர்ட் சி. கண்ட்ரோல் வேர்டு 80 ஹெக்ஸ் போட்டால் மூன்றும் அவுட்புட். அவ்வளவுதான், வைவாவில் கேட்டால் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம்.

ஆனால் சாஃப்ட்வேர் உலகத்தில் இதே சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. ஒரு மெஷினுக்காக எழுதிய புரோகிராமை இன்னொரு மெஷினில் ஓடும்படி மாற்றி அமைப்பதற்கும் போர்ட் என்றுதான் பெயர். இந்த வேலையை மிகக் கடுமையாகச் சோதித்துப் பார்த்த இடம் ஒன்று இருக்கிறது. பேங்க் சாஃப்ட்வேரும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. வீடியோ கேம்!

"அண்ணே, மலருக்குக் கட்டுரை கேட்டா கேம் பத்தியா எழுதறீங்க?" என்று முதலாண்டுத் தம்பி ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறு தம்பி. கிளாக், பஸ் அகலம், மெமரி மேப், பேங்க் ஸ்விட்சிங் என்று நாம் பரீட்சைக்காகப் படிக்கிற அத்தனையும் இதில் உயிரோடு வருகிறது. படித்துவிட்டுச் சொல்.

முதலில் ஒரு கெட்ட உதாரணம்

நல்ல போர்ட் எது என்று தெரிய, கெட்ட போர்ட் எது என்று முதலில் தெரிய வேண்டும். கடைகளிலும் கிளப்புகளிலும் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிக்கு ஆர்கேட் மெஷின் என்று பெயர். 1980-ல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி வெளியிட்ட பாக்மேன் இப்படிப்பட்ட ஒரு ஆர்கேட் கேம். அதை 1982-ல் அமெரிக்காவில் அட்டாரி 2600 என்ற வீட்டு மெஷினுக்கு மாற்றினார்கள். எழுதியவர் டாட் ஃப்ரை.

அந்த அட்டாரி 1977-ல் வந்த மெஷின். அதன் ரேம் வெறும் 128 பைட். கிலோபைட் இல்லை சாமி, பைட்! கேமை வைக்க 4 கிலோபைட் ரோம். நகரும் உருவங்களுக்கு ஹார்ட்வேர் கொடுப்பது இரண்டே இரண்டு. திரையில் ஓடவேண்டியதோ ஒரு பாக்மேனும் நான்கு பேய்களும். என்ன செய்வது? ஒரு ஃப்ரேமில் முதல் பேய், அடுத்ததில் இரண்டாவது பேய் என்று மாற்றி மாற்றி வரைந்தார்கள். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு பேயும் தெரிவது 15 ஃப்ரேமில் மட்டும். அதனால் பேய்கள் எல்லாம் டியூப்லைட் ஸ்டார்ட்டர் போன மாதிரி மினுக்கின. நிறமும் சத்தமும்கூட ஆர்கேட் மாதிரி இல்லை. ஆசையாக வாங்கியவர்கள் நொந்துபோனார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: புரோகிராமர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மூல மெஷினுக்கும் இலக்கு மெஷினுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்ட இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, பள்ளமே இல்லாத அளவுக்கு இலக்கு மெஷினைக் கட்டுவது. இரண்டு, பள்ளத்தை அளந்து பார்த்து அதற்கேற்ற பாலம் போடுவது. இந்த இரண்டு வழிக்கும் ஜப்பானில் அருமையான உதாரணங்கள் உண்டு. நம்ம பக்கத்தில் பலர் பெயர்கூடக் கேள்விப்படாத மெஷின்கள் அவை.

முதல் வழி: ஷார்ப் எக்ஸ் 68000

கால்குலேட்டர், டி.வி. எல்லாம் செய்கிற அதே ஷார்ப் கம்பெனி, 1987 மார்ச்சில் எக்ஸ் 68000 என்ற பர்சனல் கம்ப்யூட்டரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. இரட்டைக் கோபுரம் மாதிரி செங்குத்தாக நிற்கும் கறுப்புப் பெட்டி. நடுவில் இடைவெளி, தூக்கிப் பிடிக்க மேலே கைப்பிடி. ஃப்ளாப்பி டிரைவ் இரண்டு; ஃப்ளாப்பியை மோட்டாரே வெளியே தள்ளும். உள்ளே மோட்டோரோலா 68000 சி.பி.யு., 10 மெகாஹெர்ட்ஸ், 1 மெகாபைட் ரேம். 65,536 நிறங்கள். ஹியூமன்68கே என்ற அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியது கேம் கம்பெனியான ஹட்சன்.

விலை? மானிட்டர் சேர்க்காமலே 3,69,000 யென்! 1983-ல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம் 14,800 யென்தான். நம்ம ஊரில் டி.வி. கேம் என்ற பெயரில் தெருவுக்குத் தெரு வந்ததே, அந்தப் பெட்டிகள் இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். ஒரு எக்ஸ் 68000 விலையில் கிட்டத்தட்ட 25 ஃபேமிகாம் வாங்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? கோனாமி கம்பெனியின் கிரேடியஸ் (1985) என்ற விண்கப்பல் கேமை முதல் மாடலோடு இலவசமாகவே கொடுத்தார்கள். ஆர்கேட் கிரேடியஸ் போர்டில் இருந்த முக்கிய சி.பி.யு.வும் 68000-தான். ஃபேமிகாமில் இதே கேம் 1986-ல் வந்தபோது, கப்பலோடு கூடவே பறக்கும் துணை உருண்டைகள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன. நீளமான லேசர் கோடு துண்டு துண்டாகிவிட்டது. எக்ஸ் 68000-ல் நான்கு உருண்டைகளும் உண்டு, லேசரும் முழு நீளத்துக்குப் போகும். கடையில் பார்த்ததை வீட்டில் பார்த்தார்கள் ஜப்பானியர்கள்.

இன்னும் நல்ல உதாரணம் கேப்காம் கம்பெனியின் ஃபைனல் ஃபைட் (1989). தெருச்சண்டை கேம். அது ஓடியது கேப்காமின் சி.பி.எஸ். 1 என்ற ஆர்கேட் போர்டில். அந்த போர்டையும் எக்ஸ் 68000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சி.பி.யு.: அங்கே 68000, இங்கேயும் 68000.

கிளாக்: அங்கே 10 மெகாஹெர்ட்ஸ், இங்கேயும் 10 மெகாஹெர்ட்ஸ்.

இசை: அங்கே யமாஹா ஒய்.எம். 2151, எட்டு சேனல் எஃப்.எம்.; இங்கேயும் அதே சிப்.

பேச்சு, அடி உதை சத்தம்: அங்கே ஓக்கி கம்பெனியின் நான்கு சேனல் ஏ.டி.பி.சி.எம். சிப், இங்கே அதே கம்பெனியின் ஒரு சேனல் சிப்.

பார்த்தீர்களா? ஒட்டிப் பிறக்காத இரட்டைக் குழந்தைகள்! சூப்பர் ஃபேமிகாமுக்கு 1990-ல் வந்த ஃபைனல் ஃபைடில் மூன்று நாயகர்களில் கை என்பவரையே காணவில்லை, இருவர் சேர்ந்து ஆட முடியாது, ஒரு ஸ்டேஜ் முழுக்க வெட்டப்பட்டது, திரையில் ஒரே நேரத்தில் மூன்று எதிரிகளுக்கு மேல் வரமாட்டார்கள். 1992-ல் எக்ஸ் 68000-க்கு வந்ததில் மூன்று நாயகர்களும் உண்டு, இருவர் ஆட்டமும் உண்டு, வெட்டிய ஸ்டேஜும் திரும்ப வந்தது.

"சிப் எல்லாம் ஒண்ணுதானே, அப்படியே காப்பி அடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். ஆர்கேட் போர்டில் படங்கள் எல்லாம் ரோமில் இருக்கும். வீடியோ சர்க்யூட் கேட்ட கணத்தில் கிடைக்கும். எக்ஸ் 68000-லோ எல்லாம் ஃப்ளாப்பியிலிருந்து ரேமுக்கு ஏறவேண்டும். பின்னால் வந்த பல கேம்களுக்கு 2 மெகாபைட் ரேம் தேவைப்பட்டது. அடுத்தது ஸ்பிரைட், அதாவது திரையில் தனியாக நகரும் உருவம். சி.பி.எஸ். 1-ல் 16-க்கு 16 புள்ளி அளவில் 256 ஸ்பிரைட். எக்ஸ் 68000-ல் அதில் பாதி, 128. அதுவும் ஒரு வரிக்கு 32-க்கு மேல் தெரியாது. ஒரு பயில்வானை வரைவதற்கே இந்தச் சிறு சதுரங்கள் பல தேவை என்பதால் ஒவ்வொன்றையும் சிக்கனமாகச் செலவு செய்தார்கள். சத்தத்துக்கு ஒரே சேனல் என்ற குறைக்கும் ஆர்வலர்கள் வழி கண்டார்கள். பல சத்தங்களை சி.பி.யு.வே கூட்டி ஒன்றாக்கி அனுப்பும் பி.சி.எம். 8 என்ற டிரைவரை எழுதினார்கள். நம்ம சிலபஸ் பாஷையில் சொன்னால், ஹார்ட்வேரில் இல்லாத மிக்ஸரை சாஃப்ட்வேரில் கட்டினார்கள்.

மானிட்டர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆர்கேட் திரை பெரும்பாலும் 15 கிலோஹெர்ட்ஸ் கிடை அதிர்வெண்ணில் ஓடும். கம்ப்யூட்டர் திரை 31 கிலோஹெர்ட்ஸ். எக்ஸ் 68000 இரண்டையும் கொடுக்கும். அதற்கென்று விற்ற மானிட்டரும் இரண்டையும் ஏற்கும். அதனால் மூல கேமின் திரை வடிவத்தை நெருங்க முடிந்தது.

ஆனால் இந்த மெஷின் ஜப்பானை விட்டு வெளியே வரவே இல்லை. ஜப்பானிலும் எல்லாராலும் வாங்க முடியவில்லை. உலகத்திலேயே சிறந்த போர்ட், மிகக் கொஞ்சம் பேர் மட்டும் பார்த்த போர்ட்! இதை மனதில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

இரண்டாவது வழி: பிசி என்ஜின்

1987 அக்டோபர் 30. என்.இ.சி. கம்பெனியும் ஹட்சனும் சேர்ந்து பிசி என்ஜின் என்ற கேம் கன்சோலை ஜப்பானில் வெளியிட்டன. விலை 24,800 யென். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. கேம் வருவது ஏ.டி.எம். கார்டு அளவில் ஹியூகார்டு என்ற மெல்லிய அட்டையில்.

உள்ளே இருப்பது 8 பிட் சி.பி.யு. ஆமாம், 8 பிட்! 6502 குடும்பத்தைச் சேர்ந்த ஹெச்.யு.சி. 6280. இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்காதீர்கள். அதன் கிளாக் 7.16 மெகாஹெர்ட்ஸ். ஃபேமிகாமின் சி.பி.யு.வும் 6502 குடும்பம்தான், ஆனால் அதன் கிளாக் 1.79 மெகாஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள், சரியாக நான்கு மடங்கு. இது தற்செயல் இல்லை. என்.டி.எஸ்.சி. கலர் டி.வி.யின் சப்கேரியர் அதிர்வெண் 3.58 மெகாஹெர்ட்ஸ். அதில் பாதி 1.79, இரட்டிப்பு 7.16. டி.வி. இன்ஜினியரிங் பேப்பரில் மனப்பாடம் செய்கிற அந்த எண்தான் இந்த கன்சோல்களின் நாடித்துடிப்பு.

சரி, கேமில் சி.பி.யு. என்ன வேலை செய்கிறது? பட்டன் அழுத்தினார்களா என்று பார்க்கும். கப்பல் எங்கே, குண்டு எங்கே என்று கூட்டிக் கழிக்கும். மோதியதா என்று ஒப்பிடும். திரையை வரைவது அதன் வேலை இல்லை. அதற்குத் தனி வீடியோ சிப் உண்டு. திரையின் இடம் 256, 320 என்ற அளவில் இருக்கும்போது, 8 பிட் கணக்கு பெரும்பாலும் போதும், மிச்சத்துக்கு இரண்டு தடவை கூட்டினால் ஆயிற்று. ஆகவே வேகமான 8 பிட் சி.பி.யு.வோடு நல்ல வீடியோ சிப் இருந்தால் ஜோடி பொருந்திவிடும்.

பிசி என்ஜினின் வீடியோ சிப் நல்ல ஜோடிதான். 512 நிறத் தட்டிலிருந்து ஒரே திரையில் 480-க்கும் மேல் காட்டும். ஃபேமிகாமில் 25 நிறம். ஃபேமிகாமில் ஒரு வரிக்கு 8 புள்ளி அகலத்தில் 8 ஸ்பிரைட், அதாவது 64 புள்ளி. பிசி என்ஜினில் 16 புள்ளி அகலத்தில் 16 ஸ்பிரைட், அதாவது 256 புள்ளி. இதுவும் நான்கு மடங்கு. அதற்கு மேல் ஒரு கெட்டிக்காரத்தனம்: மெமரியில் ஒரு பெரிய கட்டை அப்படியே இடம் மாற்ற ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன், வீடியோ சிப்புக்கு நேராக டேட்டா எழுதத் தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று சி.பி.யு.விலேயே சேர்த்திருந்தார்கள். கேம் எழுதுகிற ஹட்சனே சிப் வடிவமைப்பிலும் இருந்ததால் வந்த லாபம் இது. பயன்படுத்தப் போகிறவன் வடிவமைக்கிற மேஜையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆர்-டைப்: பாலம் போட்ட கதை

ஐரெம் கம்பெனியின் ஆர்-டைப் 1987-ல் வந்த ஆர்கேட் கேம். பிரம்மாண்டமான பூதங்கள், மூன்றாவது ஸ்டேஜ் முழுக்க ஒரே ராட்சதப் போர்க்கப்பல். அந்த போர்டின் சி.பி.யு. என்.இ.சி. வி 30, நமக்குத் தெரிந்த 8086-க்கு இணக்கமான 16 பிட் சிப். இசைக்கு அதே ஒய்.எம். 2151.

1988-ல் இதை பிசி என்ஜினுக்கு மாற்றினார்கள். யோசித்துப் பாருங்கள். 8086 வகைக் கோடு ஒரு வரிகூட 6502 வகைச் சிப்பில் ஓடாது. ரெஜிஸ்டர் வேறு, அட்ரஸிங் வேறு, எல்லாம் வேறு. எஃப்.எம். இசைச் சிப் கிடையாது. அதற்குப் பதில் 32 மாதிரிகள் கொண்ட அலைவடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஆறு சேனல்கள். ரேம் 8 கிலோபைட். வீடியோ ரேம் 64 கிலோபைட். ஆர்கேட் திரை 384-க்கு 256 புள்ளி, வீட்டு டி.வி.யில் அத்தனை உயரம் கிடைக்காது.

ஆக, எதையும் தூக்கி வைக்க முடியாது. கேமைப் புரிந்துகொண்டு முதலிலிருந்து திரும்ப எழுத வேண்டும். எழுதினார்கள். எதிரி எப்போது வருகிறான், எந்தக் கோணத்தில் சுடுகிறான், தப்பிக்க எத்தனை புள்ளி இடைவெளி இருக்கிறது என்பதையெல்லாம் காப்பாற்றினார்கள். ஜப்பானில் எட்டு ஸ்டேஜையும் ஒரே கார்டில் அடக்காமல் இரண்டு கார்டாகப் பிரித்து விற்றார்கள் (காசு இரண்டு தடவை!). அமெரிக்காவில் 1989-ல் ஒரே கார்டில் முழுசாக வந்தது. ஒரே வரியில் ஸ்பிரைட் அதிகமானால் சில இடங்களில் மினுக்கல் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் காலத்து வீட்டு ஆர்-டைப்களில் இதற்குத்தான் இன்றுவரை மரியாதை.

இந்த மெஷினின் கடைசிச் சாகசம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டாஷ். 1993-ல் ஹியூகார்டிலேயே வந்தது. அளவு 20 மெகாபிட். எட்டால் வகுத்தால் 2.5 மெகாபைட். இங்கேதான் நம்ம மெமரி பாடம் வருகிறது. ஹெச்.யு.சி. 6280-ன் அட்ரஸ் மொத்தம் 21 பிட், அதாவது 2 மெகாபைட்தான். அதிலும் கார்டுக்கு ஒதுக்கியது 1 மெகாபைட். 1 மெகாபைட் ஜன்னல் வழியாக 2.5 மெகாபைட்டை எப்படிப் பார்ப்பது? விடை, பேங்க் ஸ்விட்சிங். கீழ்ப்பாதி 512 கிலோபைட் நிரந்தரம். மேல்பாதி 512 கிலோபைட் ஜன்னலில் நான்கு பேங்குகளை மாற்றி மாற்றிக் காட்டுவது. 512 + (4 × 512) = 2,560 கிலோபைட். அதுதான் 2.5 மெகாபைட். கணக்கு டேலி! இரண்டு பட்டன் கன்ட்ரோலரில் ஆறு பட்டன் கேமை எப்படி ஆடுவது என்ற பிரச்சினைக்கும் புதிதாக ஆறு பட்டன் பேட் வெளியிட்டார்கள்.

எண்ணைப் பார்த்து ஏமாந்த கதைகள்

பிசி என்ஜின் வெற்றிக்குப் பிறகு 1989 கடைசியில் என்.இ.சி. சூப்பர்கிராஃப்க்ஸ் என்ற மேம்பட்ட மாடலை விட்டது. விலை 39,800 யென். வீடியோ சிப் ஒன்றுக்கு இரண்டு, ரேம் 8-லிருந்து 32 கிலோபைட். ஆனால் சி.பி.யு. மட்டும் அதே பழைய 7.16. ஒரே சமையல்காரர், இரண்டு பந்தி! இதற்கென்றே தனியாக வந்த கேம்கள் மொத்தம் ஐந்து. அதில் ஒன்று கேப்காமின் டைமகைமுரா (ஆங்கிலத்தில் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ்). 1990-ல் வந்த இந்தப் போர்ட் அருமை. 68000 சி.பி.யு. கொண்ட மெகா டிரைவில் அதற்கு முந்தைய ஆண்டு வந்ததைவிட நிறத்தில் பணக்காரத்தனம். ஆனால் ஐந்து கேமுக்காக யார் பெட்டி வாங்குவார்கள்? மெஷின் படுத்துவிட்டது.

அடுத்தது ஃபுஜிட்சு கம்பெனி. 1989 பிப்ரவரியில் எஃப்.எம். டவுன்ஸ் என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. 80386 சி.பி.யு., 16 மெகாஹெர்ட்ஸ், கூடவே சி.டி. டிரைவ். உலகம் ஃப்ளாப்பியில் நடந்துகொண்டிருந்தபோது இவர்கள் எல்லா மெஷினிலும் சி.டி. வைத்தார்கள். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸின் ஜாக் மெக்ராக்கன் என்ற சாகச கேம் 1988-ல் 16 நிறத்தில் வந்தது. 1990-ல் எஃப்.எம். டவுன்ஸுக்கு மாற்றும்போது படங்களை 256 நிறத்தில் திரும்ப வரைந்து, சி.டி. இசையும் சேர்த்தார்கள். இது வேறு ரகம். மூலத்தை எட்டிப் பிடிக்காமல், மூலத்தையே தாண்டிய போர்ட்.

அதே ஃபுஜிட்சு 1993-ல் இதைக் கன்சோலாக்கி எஃப்.எம். டவுன்ஸ் மார்ட்டி என்று விட்டது. "32 பிட்" என்று பெருமை. ஆனால் போட்டது 386 எஸ்.எக்ஸ். வகைச் சிப். உள்ளே 32 பிட், வெளியே டேட்டா பஸ் 16 பிட்தான். ஒரு 32 பிட் எண்ணை மெமரியிலிருந்து எடுக்க இரண்டு நடை போக வேண்டும். சி.டி. டிரைவோ ஒற்றை வேகம், விநாடிக்கு 150 கிலோபைட். 2 மெகாபைட் ரேமை நிரப்ப ஏறக்குறைய 14 விநாடி. விலை 98,000 யென். 1990-ல் வந்த சூப்பர் ஃபேமிகாம் 25,000 யென். ஜனங்கள் தெளிவாக இருந்தார்கள், வாங்கவில்லை.

இந்தக் கதைகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். 8 பிட் மெஷின் ஜெயித்தது, 32 பிட் மெஷின் தோற்றது. கடையில் லேப்டாப்போ செல்போனோ வாங்கும்போது "எத்தனை ஜி.பி., எத்தனை கோர்" என்று மட்டும் கேட்கிறோமே, அந்த இடத்தில் இது ஞாபகம் வரட்டும். பஸ் என்ன அகலம்? மெமரிக்கும் சிப்புக்கும் நடுவில் எங்கே நெரிசல்? இதைக் கேட்கத் தெரிந்தவன்தான் டெக்னீஷியன்.

எது உயர்ந்த போர்ட்?

ஹாஸ்டலில் விடிய விடியச் சண்டை போடக்கூடிய கேள்வி இது. எக்ஸ் 68000-ன் ஃபைனல் ஃபைடா, பிசி என்ஜினின் ஆர்-டைப்பா?

நுணுக்கத்தில் பார்த்தால் எக்ஸ் 68000-தான். பக்கத்தில் வைத்தால் ஆர்கேட் எது, வீடு எது என்று தடுமாற வேண்டும். ஆனால் அந்த நுணுக்கத்துக்கு விலை 3,69,000 யென். பணம் இருந்தவன் வீட்டில் மட்டும் ஓடியது. பிசி என்ஜின் அந்த விலையில் கிட்டத்தட்ட பதினைந்தில் ஒரு பங்குதான். சாதாரணக் குடும்பத்துப் பையன் வாங்க முடிந்த பெட்டியில், அந்நியமான சிப்பில், 8 கிலோபைட் ரேமில் அதே கேமின் உயிரைக் கொண்டுவந்தார்கள். என் ஓட்டு ஆர்-டைப்புக்கே. சிறந்த பொருளைச் செய்வது ஒரு திறமை. சிறந்ததை எல்லார் கைக்கும் எட்டும்படி செய்வது அதைவிடப் பெரிய திறமை. கவர்ன்மென்ட் பஸ் பாஸில் வந்து படிக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கேன்டீனுக்கு வரலாம், டீ அவர்கள் செலவு!

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை?

"1997-ல் மேம் எமுலேட்டர் வந்தாச்சு. அசல் ஆர்கேட் கேமே கம்ப்யூட்டரில் ஓடுது. போர்ட் எல்லாம் இனி எதுக்கு?" நியாயமான கேள்வி. அசல் கிடைத்த பிறகு நகல் எதற்கு என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு போர்ட் என்பது நகல் மட்டும் இல்லை. இல்லாத வசதியோடு ஒருவர் எப்படிச் சிந்தித்தார் என்பதன் பதிவு அது. வாத்தியார் போட்ட கணக்கின் விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அதற்காக ரஃப் நோட்டைக் கிழித்துப் போடுவோமா?

அந்த ரஃப் நோட்டு இப்போது செல்லரித்துக்கொண்டிருக்கிறது. எக்ஸ் 68000-ன் பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் ஒழுகுகின்றன. மூடியைத் திறந்தால் மீன் வாடை வரும் என்பார்கள். போர்டில் சால்டர் செய்த ரீசார்ஜ் பேட்டரியும் ஒழுகி, காப்பர் டிராக்கை அரிக்கிறது. ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு மங்குகிறது. இதைத் தடுக்க உலகம் முழுக்கச் சிலர் பழைய கெபாசிட்டரை எடுத்துப் புதிது போடுகிறார்கள், அரித்த டிராக்குக்கு ஜம்பர் வயர் போடுகிறார்கள், டிஸ்க்கை இமேஜ் எடுக்கிறார்கள். டிசால்டரிங், கன்டின்யூட்டி செக், ஈ.எஸ்.ஆர். பார்ப்பது. இதெல்லாம் யாருடைய வேலை? சத்தியமாக டிப்ளமோக்காரன் வேலை!

கம்பெனிகளும் சும்மா இல்லை. எக்ஸ் 68000-ன் சிஸ்டம் சாஃப்ட்வேரை இலவசமாகப் பயன்படுத்த 2000-ல் அனுமதி கிடைத்தது. கோனாமி 2020-ல் பிசி என்ஜினின் குட்டி வடிவத்தை வெளியிட்டது. ஜப்பானின் ஜூய்கி கம்பெனி எக்ஸ் 68000-ன் சின்ன வடிவத்தை ஆர்வலர்களின் பணத்தைத் திரட்டி 2023-ல் கையில் கொடுத்தது. மதிப்புத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அசல் பெட்டி யாருக்காவது கைக்குக் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் மெயின்ஸ் 100 வோல்ட். நம்ம 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் தீபாவளிதான்! ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பவர் சப்ளையைத் திறக்குமுன் பிளக்கை எடுத்துவிட்டு, பெரிய கெபாசிட்டரில் வோல்டேஜ் மிச்சம் இல்லையென்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இனி, பழக்கதோஷம், சில கேள்விகள். விடை மேலேயே இருக்கிறது.

1. ஒரு வரிக்கு 16 புள்ளி அகலத்தில் 32 ஸ்பிரைட் என்றால் மொத்தம் எத்தனை புள்ளி? பிசி என்ஜினைவிட எத்தனை மடங்கு? (2 மார்க்)

2. 7.16 மெகாஹெர்ட்ஸ் என்ற எண் எங்கிருந்து வந்தது? (2 மார்க்)

3. பேங்க் ஸ்விட்சிங் என்றால் என்ன? 2.5 மெகாபைட் கார்டைக் கொண்டு விளக்குக. (5 மார்க்)

4. "32 பிட் மெஷின் எப்போதும் 8 பிட் மெஷினைவிடச் சிறந்தது." ஆதரித்தோ மறுத்தோ எழுதுக. (10 மார்க்)

நண்பர்களே, நம்ம லேபில் இருக்கும் கிட் பழசு, சி.ஆர்.ஓ. பழசு, கம்ப்யூட்டர் பழசு என்று அலுத்துக்கொள்கிறோம். 8 கிலோபைட் ரேமை வைத்துக்கொண்டு ராட்சதப் போர்க்கப்பலை ஓட்டிக் காட்டியவர்கள் உண்டு. கையில் இருக்கிற மெஷினை முழுசாகப் படித்தவனுக்கு அது ஒருபோதும் சின்ன மெஷின் இல்லை. அடுத்த பிராக்டிகலில் 8085 கிட் முன்னால் நிற்கும்போது அதன் மெமரி மேப்பை ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். எத்தனை இடம் காலியாக இருக்கிறது, அதில் என்னென்ன செய்யலாம் என்று தெரியும்.